மைக்ரோ யுஎஸ்பி, லைட்னிங், டைப்-சி: சார்ஜிங் முனைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

டைப்-சி போர்ட் இருந்தாலே போன் வேகமாகச் சார்ஜ் ஆகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. 5 வாட்டுக்கு மேல் வாங்காத டைப்-சி கருவிகள் ஏராளம். 15 வாட் வரை வாங்கிய மைக்ரோ யுஎஸ்பி போன்களும் இருந்தன. போனுக்குள் எவ்வளவு மின்சாரம் போகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: சார்ஜரும் போனும் எந்த முறையில் பேசிக்கொள்கின்றன, கேபிளுக்குள் ஓடும் செம்புக் கம்பி எவ்வளவு தடிமன், போர்ட்டில் உள்ள தொடுபுள்ளிகள் எவ்வளவு சுத்தம். எனவே பழைய முனையையும் புதிய முனையையும் ஒப்பிடும்போது வடிவத்தைத் தனியாகவும் மின்சாரத்தைத் தனியாகவும் பாருங்கள். இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் அடையாளம்

யுஎஸ்பிக்கு முந்தைய போன்களில் உருண்டை முனை இருந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும், வோல்ட்டும் மாறும். முனை உள்ளே நுழைகிறதே என்று வேறு சார்ஜரைச் செருகிவிடாதீர்கள். சார்ஜர் மேல் அச்சடித்த வோல்ட்டேஜையும், நடுக்கம்பி பிளஸ்ஸா மைனஸா என்ற குறியையும் பழைய சார்ஜரோடு ஒப்பிட்ட பிறகே செருகுங்கள்.

மினி யுஎஸ்பி சற்றுத் தடித்தது, பக்கவாட்டில் இடுப்பு ஒடுங்கிய வடிவம். பழைய கேமராக்களிலும் ஜிபிஎஸ் கருவிகளிலும் இன்னும் கண்ணில் படும். மைக்ரோ யுஎஸ்பி 2007இல் வந்தது. ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டருக்கும் குறைவான உயரம், மேல் மூலைகள் இரண்டும் வளைந்து ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். உள்ளே 5 பின்கள். இதன் பக்கத்தில் இன்னொரு சிறிய பெட்டி ஒட்டியது போல அகலமாக இருந்தால் அது மைக்ரோ யுஎஸ்பி 3.0. 2013, 2014 வாக்கில் சில பெரிய போன்களில் வந்தது. வெளிப்புற ஹார்டு டிஸ்க்குகளில் நிலைத்துவிட்டது. அந்தப் போர்ட்டின் பெரிய பாதியில் சாதாரண மைக்ரோ யுஎஸ்பி கேபிளைச் செருகினாலும் சார்ஜ் ஆகும்.

ஆப்பிள் 2012இல் ஐபோன் 5 உடன் கொண்டுவந்த லைட்னிங் முனை தட்டையான நாக்கு போன்றது. இரு பக்கமும் 8 தங்க நிறப் பட்டைகள் வெளியே தெரியும். எந்தப் பக்கம் செருகினாலும் வேலை செய்யும் வசதி இதில் முதலிலேயே இருந்தது. 2023இல் ஐபோன் 15 வந்தபோது ஆப்பிள் டைப்-சிக்கு மாறியது.

டைப்-சியின் வரையறை 2014 ஆகஸ்டில் வெளியானது. நீள்வட்ட வடிவம், சுமார் 8.3 மில்லிமீட்டர் அகலம், 24 பின்கள். மின்சாரத்துக்கு மட்டும் 4 பின்கள், தரைக்கு (மின்சாரம் திரும்பும் வழியான கிரவுண்டுக்கு) 4. மைக்ரோவில் இந்த இரண்டுக்கும் ஒவ்வொரு பின்தான். வடிவம் மாறியதால் கிடைத்த உண்மையான ஆதாயம் இதுதான்; திருப்பிச் செருகலாம் என்பது அதற்கு அடுத்தது. மைக்ரோவின் மின்சாரப் பின் தாங்கும் அளவு 1.8 ஆம்பியர். டைப்-சியில் சாதாரணக் கேபிளே 3 ஆம்பியர் தாங்கும்; அதற்கென்று செய்த கேபிள் 5 ஆம்பியர் தாங்கும்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன் போன்றவற்றில் கம்பி வழிச் சார்ஜுக்கு டைப்-சி கட்டாயம். மற்ற நாடுகளிலும் புதிய போன்களில் பழைய முனைகள் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எது எங்கே தேயும்

மைக்ரோ யுஎஸ்பி மட்டமான வடிவமைப்பு என்ற பேச்சு உண்டு. அது முழு நியாயமில்லை. மினி யுஎஸ்பி 5,000 முறை செருகி எடுக்கத் தாங்க வேண்டும் என்பது விதி, மைக்ரோவுக்கு 10,000. டைப்-சிக்கும் அதே 10,000தான். மைக்ரோவில் தேயும் வில்களையும் (ஸ்பிரிங் போன்ற தொடுபுள்ளிகள்) கொக்கிகளையும் வேண்டுமென்றே கேபிள் பக்கம் மாற்றினார்கள்: கேபிள் தேய்ந்தால் தூக்கிப் போடலாம், போனைப் போட முடியாது. உங்கள் மைக்ரோ கேபிளின் முனையில் அடிப்பக்கம் இரண்டு சிறு கொக்கிகள் துருத்தி நிற்கும். விரலால் அழுத்தினால் மீண்டு எழ வேண்டும். எழவில்லை என்றால் பிடிப்பு போய்விட்டது. "போர்ட் லூஸ்" என்று பழுதுக்கு வரும் போன்களில் கணிசமானவை புதுக் கேபிள் போட்டவுடன் சரியாகிவிடும்.

மைக்ரோவின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. போர்ட்டுக்குள் உள்ள பிளாஸ்டிக் நாக்கு மெல்லியது. தலைகீழாக அழுத்திச் செருகினால் உடையும், அல்லது பின்கள் மடங்கி ஒன்றையொன்று தொடும். போர்ட்டின் உலோகக் கூட்டை சர்க்யூட் போர்டோடு பிணைக்கும் பற்ற வைப்பு (சால்டரிங்) போதாமல் இருந்தால், கேபிளோடு போனைத் தொங்கவிடும்போது போர்ட் அப்படியே பெயர்ந்துவிடும்.

டைப்-சியிலும் வில்கள் கேபிள் முனைக்குள்தான். போர்ட்டின் நடுவில் நாக்கு நிற்கிறது, அதன் இரு பக்கமும் பின்கள். இங்கே கவனிக்க வேண்டியது: மின்சாரம் வரும் பின்னுக்கு ஒட்டிய பக்கத்திலேயே, சார்ஜரும் போனும் பேசும் சிசி என்ற பின் இருக்கிறது. பின்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான். 20 வோல்ட் ஓடும் நேரத்தில் முனையைக் கோணலாக முறுக்கி இழுத்தால், அந்த வோல்ட்டேஜ் சிசி பின்னைத் தொட்டு உள்ளே உள்ள சிப்பைப் பொசுக்கக்கூடும். நேராக இழுங்கள், கம்பியைப் பிடிக்காமல் முனையைப் பிடித்து இழுங்கள்.

லைட்னிங் நேர் எதிர். நாக்கு கேபிளில், வில்கள் போனுக்குள். கேபிளின் நாக்கு அவ்வளவு எளிதில் உடையாது. ஆனால் பட்டைகள் வெளியே தெரிவதால் ஈரமும் வியர்வையும் படியும். மின்சாரம் போகும் ஒரு பட்டை மட்டும் கறுத்துப் போன கேபிள்களைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த பட்டையைச் சுரண்டிப் பயனில்லை. தங்க முலாம் ஏற்கெனவே போயிருக்கும், சீக்கிரமே மறுபடி கறுக்கும்.

சார்ஜரும் போனும் பேசும் மொழிகள்

பழைய யுஎஸ்பி 2.0 விதிப்படி கணினிப் போர்ட் தரக்கூடியது 5 வோல்ட், அரை ஆம்பியர். அதாவது 2.5 வாட். அதற்கு மேல் எடுக்கலாமா என்று போன் எப்படித் தெரிந்துகொள்ளும்? டேட்டா கம்பிகள் இரண்டையும் பார்க்கும். சுவர் சார்ஜரில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால், இது கணினி இல்லை, சார்ஜர் என்று புரிந்துகொண்டு 1.5 ஆம்பியர் வரை எடுக்கும். பேட்டரி சார்ஜிங் 1.2 என்ற இந்த முறைதான் மைக்ரோ யுஎஸ்பி காலத்தின் பொது மொழி.

ஆப்பிளின் பழைய சார்ஜர்கள் வேறு வழியில் போயின. டேட்டா கம்பிகளில் குறிப்பிட்ட வோல்ட்டேஜ்களை வைத்து "நான் 1 ஆம்பியர்", "நான் 2.1 ஆம்பியர்" என்று சொன்னன. பழைய டேப்லெட் சார்ஜரில் பெரிய எண் அச்சடித்திருந்தும் வேறு நிறுவனப் போன் அதில் ஊர்ந்து சார்ஜ் ஆவதற்குக் காரணம் இதுதான்: அந்தக் குறிப்பு இந்தப் போனுக்குப் புரியவில்லை, பாதுகாப்பாக அரை ஆம்பியரில் நின்றுவிடுகிறது.

அடுத்து வந்தது குவிக் சார்ஜ். மைக்ரோவின் பின் 1.8 ஆம்பியருக்கு மேல் தாங்காது, ஆகவே ஆம்பியரை விட்டு வோல்ட்டைக் கூட்டினார்கள். 9 வோல்ட், 1.67 ஆம்பியர் என்று அச்சடித்த சார்ஜர் 15 வாட் தரும். ஒப்போவின் வூக் இதற்கு மாற்றாக 5 வோல்ட்டிலேயே 4 ஆம்பியர் அனுப்பியது. அதற்காக மைக்ரோ முனைக்குள் கூடுதல் பின்களையே சேர்த்தார்கள். அந்தக் கேபிளும் அந்தச் சார்ஜரும் சேர்ந்தால்தான் வேகம். ஒன்று மாறினாலும் சாதாரணச் சார்ஜ்தான்.

டைப்-சியில் பொது மொழி பவர் டெலிவரி, சுருக்கமாகப் பிடி (PD). 5, 9, 15, 20 வோல்ட் என்ற படிகளில் எது வேண்டும் என்று போன் சிசி கம்பி வழியாகக் கேட்கும். பிபிஎஸ் வசதி இருந்தால் 20 மில்லிவோல்ட் படிகளில் நுணுக்கமாகக் கேட்கும். போன் அதிகம் சூடாகாமல் இருக்க இது உதவும். 2021இல் வந்த பிடி 3.1 இதை 48 வோல்ட், 240 வாட் வரை கொண்டுபோனது. போனுக்கு அதெல்லாம் தேவையில்லை, மடிக்கணினிக்கானது.

ஆக, சார்ஜர் வாங்கும்போது வாட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் போன் பேசும் மொழி அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 65 வாட் பிடி சார்ஜரில், சொந்த மொழி மட்டுமே பேசும் போன் 10 வாட்டில் நிற்கலாம். பெரிய சார்ஜர் போனைக் கெடுத்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. போன் கேட்காமல் தரமான சார்ஜர் 5 வோல்ட்டைத் தாண்டாது.

இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஆகாத கருவி

டார்ச், டிரிம்மர், மலிவு விலை இயர்போன் பெட்டி. டைப்-சி போர்ட்தான், ஆனால் புதிய சார்ஜரில் அசையாது. பழைய டைப்-ஏ (அகலமான செவ்வக யுஎஸ்பி முனை) சார்ஜரும் கூடவே வந்த கேபிளும் போட்டால் உடனே சார்ஜ் ஆகும். கருவி கெட்டுவிட்டதாக நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பிரச்சினை, உள்ளே விடுபட்டுப்போன இரண்டு ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்).

டைப்-ஏ போர்ட்டில் எப்போதும் 5 வோல்ட் இருக்கும். டைப்-சி சார்ஜர் அப்படியல்ல. எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருப்பது உறுதியாகும்வரை அது மின்சாரமே அனுப்பாது. உறுதி செய்வது எப்படி? கருவிக்குள் சிசி1, சிசி2 என்ற இரண்டு பின்களிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தரைக்குப் போக வேண்டும். பழைய மைக்ரோ போர்டில் டைப்-சி கூட்டை மட்டும் ஒட்டிவைத்த தயாரிப்பாளர் இவற்றை விட்டுவிடுகிறார். 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியின் முதல் பதிப்பிலும் இதற்கு நெருங்கிய பிழை இருந்தது: இரண்டு பின்களையும் ஒரே ரெசிஸ்டரில் சேர்த்துவிட்டார்கள், அதனால் சிப் உள்ள கேபிள்களில் அது இயங்கவில்லை.

தீர்வு எளிது. ஒரு பக்கம் டைப்-ஏ உள்ள நல்ல கேபிள் ஒன்றையும் டைப்-ஏ சார்ஜர் ஒன்றையும் இத்தகைய கருவிகளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பற்ற வைக்கத் தெரிந்தவர், சிசி பின்கள் வெளியே எடுக்கப்பட்டிருக்கும் போர்ட்டாக இருந்தால், இரண்டு ரெசிஸ்டர்களைத் தாமே சேர்த்துவிடலாம்.

டைப்-ஏ முதல் டைப்-சி வரையிலான கேபிளுக்கு இன்னொரு விதி உண்டு. அதன் சி முனைக்குள் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். "இந்தப் பக்கம் பழைய போர்ட், அதிகம் இழுக்காதே" என்று அது போனுக்குச் சொல்கிறது. டைப்-சி வந்த தொடக்க ஆண்டுகளில் பல மலிவுக் கேபிள்களில் 10 கிலோ ஓம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த போன் 3 ஆம்பியர் இழுக்கும்; அவ்வளவு தர முடியாத கணினிப் போர்ட் பாதிக்கப்படும். பழைய பெட்டியில் அந்தக் காலத்துப் பெயரில்லாக் கேபிள் கிடந்தால் கணினியில் செருகாதீர்கள்.

கேபிளின் செம்பு

கம்பித் தடிமனைக் குறிக்கும் ஏடபிள்யூஜி எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 28 எண் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம், 24 எண் சுமார் 0.084, 20 எண் சுமார் 0.033. மின்சாரம் போகவும் வரவும் வேண்டும், ஆகவே இரண்டால் பெருக்குங்கள். 1 மீட்டர் நீள 28 எண் கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே தொலையும். 5 வோல்ட் சார்ஜரிலிருந்து போனுக்கு 4.15தான் சேரும். எந்தப் போனும் அதை ஏற்காது. வோல்ட்டேஜ் சரிவதைப் பார்த்ததும் ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அதே இடத்தில் 24 எண் கம்பி 0.34 வோல்ட்டை மட்டும் இழக்கும். "போன் மெதுவாகச் சார்ஜ் ஆகிறது" என்ற புகாருக்கு முதல் சந்தேக நபர் எப்போதும் கேபிள்தான்.

9 வோல்ட்டில் ஓடும்போது அதே வாட்டுக்கு ஆம்பியர் குறைவு, இழப்பும் குறைவு. மெல்லிய, நீளமான கேபிள் 5 வோல்ட்டில் படுத்துவிட்டு 9 வோல்ட்டில் பரவாயில்லை என்று தோன்றுவது இதனால்தான்.

இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் 60 வாட் வரை சிப் தேவையில்லை. 5 ஆம்பியருக்கு முனைக்குள் இ-மார்க்கர் என்ற சிப் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜர் 3 ஆம்பியரைத் தாண்டாது. டேட்டா வேகம் இதில் சேராத தனிக் கணக்கு. சார்ஜுக்கென்று விற்கும் 240 வாட் கேபிள்கள் பல 480 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது. 2007 மைக்ரோவின் வேகமும் அதே 480தான்!

மீட்டர் வைத்து ஒப்பிடுங்கள்

கேபிளுக்கு நடுவே செருகும் சிறிய யுஎஸ்பி மீட்டர் ஒன்று போதும். டைப்-ஏ பக்கம் ஒன்றும் டைப்-சி பக்கம் ஒன்றும் இருந்தால் வசதி.

1. போன் பேட்டரி 20 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்போது சோதியுங்கள். 80ஐத் தாண்டினால் போனே வேகத்தைக் குறைத்துவிடும், கேபிள் மேல் பழி விழும்.

2. திரையை அணைத்து, போன் சூடாக இல்லாதபோது தொடங்குங்கள். செருகி 2 நிமிடம் கழித்து எண்ணைக் குறியுங்கள். முதல் சில நொடிகளில் சார்ஜரும் போனும் பேசி முடிவெடுக்கும். அப்போது காட்டும் எண் கணக்கில் சேராது.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சார்ஜரை அப்படியே வைத்துக் கேபிளை மாற்றுங்கள். பிறகு கேபிளை வைத்துச் சார்ஜரை மாற்றுங்கள்.

4. மீட்டரைச் சார்ஜர் பக்கம் ஒரு முறை, போன் பக்கம் ஒரு முறை வைத்து வோல்ட்டேஜைப் பாருங்கள். வித்தியாசத்தை ஆம்பியரால் வகுத்தால் கேபிளின் ஓம் கிடைக்கும். 5.10, 4.62 வோல்ட், 1.6 ஆம்பியர் என்றால் 0.30 ஓம். 1 மீட்டர் கேபிளுக்கு இது அதிகம்.

எண்களைப் படிக்கும் விதம்: 5 வோல்ட்டில் 0.45 ஆம்பியருக்கு அருகில் அசையாமல் நின்றால், போன் அதைக் கணினிப் போர்ட் என்று நினைக்கிறது. சார்ஜர் பேசவில்லை, அல்லது கேபிளில் டேட்டா கம்பிகள் இல்லை. 1 முதல் 1.5 ஆம்பியர் என்றால் பழைய பொது மொழி வேலை செய்கிறது. 9 வோல்ட் தெரிந்தால் வேகச் சார்ஜ் ஒப்பந்தம் முடிந்தது. எண் மேலும் கீழும் குதித்தால் போர்ட்டில் அழுக்கோ தளர்ந்த முனையோ இருக்கிறது. முனையை லேசாக அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இணைப்பான்கள்

மைக்ரோ கேபிளின் முனையில் மாட்டி அதை டைப்-சி ஆக்கும் சின்ன இணைப்பான் விதிப்படி சரியானது. பழைய கேபிளைப் பயன்படுத்த நல்ல வழி, ஆனால் அதில் பிடி கிடைக்காது; சிசி கம்பியே அந்தக் கேபிளில் இல்லை. லைட்னிங் போனுக்குப் பிடி வேகம் வேண்டுமானால் ஒரு முனை டைப்-சி, மறுமுனை லைட்னிங் உள்ள கேபிள் வேண்டும். ஐபோன் 8 முதல் இது வேலை செய்யும். முனைக்குள் அடையாளச் சிப் இருப்பதால் போலிக் கேபிள் சில நாள் கழித்து "ஆதரவில்லை" என்று காட்டக்கூடும்.

ஒரு பக்கம் டைப்-ஏ முனை, மறுபக்கம் டைப்-சி ஓட்டை உள்ள இணைப்பான் எங்கும் விற்கிறது. டைப்-சி விதியில் அதற்கு இடமில்லை. அதைக் கொண்டு மின்சாரம் தரும் இரண்டு போர்ட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துவிட முடியும். கட்டாயம் என்றால் ஒரு போனுக்கு மட்டும், கண் எதிரே இருக்கும்போது பயன்படுத்துங்கள். காந்த முனைகளையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். திறந்த புள்ளிகள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்க, இரும்புத் துகள் ஒன்று ஒட்டினால் போதும், ஷார்ட் ஆகிவிடும்.

சுத்தம் செய்வதும் மாற்றுவதும்

முனை முழுதாக உள்ளே போகாமல் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறதா? உள்ளே பஞ்சு அடைந்திருக்கிறது. போனை அணையுங்கள். மரப் பல்குச்சியின் நுனியை மெலிதாகச் சீவிக்கொள்ளுங்கள். ஊசி, ஸ்டேப்ளர் பின், சிம் எடுக்கும் கம்பி எதுவும் வேண்டாம். போன் அணைந்திருந்தாலும் பேட்டரி உள்ளேதான் இருக்கிறது. லைட்னிங் போர்ட்டில் பஞ்சு அடியாழத்தில் அமுங்கிக் கிடக்கும், பின்சுவரிலிருந்து முன்னோக்கி வாரி எடுங்கள். டைப்-சியில் நடு நாக்கைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மட்டும் சுற்றி வாருங்கள். மைக்ரோவில் நாக்கு ஒரு பக்கச் சுவரை ஒட்டி இருக்கும். அதற்கு எதிர்ப்பக்க இடைவெளியில்தான் அழுக்கு சேரும். பச்சைப் பூஞ்சை போலத் தெரிந்தால் அது துரு. 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையை நனைத்துத் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே செருகுங்கள்.

போர்ட் ஈரமானால் கேபிளை எடுத்துவிட்டு, போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள். காற்றோட்டத்தில் குறைந்தது அரை மணி நேரம் வையுங்கள். திரையில் ஈர எச்சரிக்கை வந்து போகாமல் நின்றால் ஒரு நாள் வரை காத்திருங்கள். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் பின்கள் சில மணி நேரத்திலேயே அரித்துப்போகக்கூடும்.

சுத்தம் செய்தும், நல்ல கேபிள் போட்டும் தளர்ச்சி போகவில்லை என்றால் போர்ட்டையே மாற்ற வேண்டும். பல போன்களில் போர்ட் தனிச் சிறு போர்டில் இருக்கும். திருகு கழற்றி, ரிப்பன் கேபிளை எடுத்து, புதியதைப் பொருத்தினால் முடிந்தது. மெயின் போர்டிலேயே பற்ற வைத்திருந்தால் சூடான காற்று எந்திரமும் நுண்ணோக்கியும் தேவை, அனுபவமில்லாதவர் இறங்க வேண்டாம். பழைய மைக்ரோ போர்ட்டைக் கழற்றிவிட்டு டைப்-சி போர்ட் வைப்பவர்கள் அந்த இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களையும் மறக்காமல் சேர்க்கட்டும். எந்தக் கேபிளிலும் சார்ஜ் ஆகும். வேகம் மட்டும் பழைய வேகமேதான், உள்ளே உள்ள சார்ஜிங் சிப் மாறவில்லையே.